மேளப் போட்டியும் பார்ப்பவர் கடமையும்

(கட்டுமாவடியில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், மேளப் போட்டிகளில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இதுவும் ஒரு பெரிய சங்கதியா? சாதி ஒழிய வேண்டும், மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று பேச வேண்டிய மேடையில் கைதட்டுவதைப் பற்றியும் விசில் அடிப்பதைப் பற்றியுமா பேசுவது?" என்று நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் ஓர் ஊரில் சாதி எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க சாஸ்திரப் புஸ்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. நாலு மேளக் கோஷ்டியைக் கொண்டு வந்து நடுத்தெருவில் நிறுத்தி அடிக்கச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் போதும். யார் யாருக்குக் கைதட்டுகிறார்கள், யார் யாரை 'வாடா, போடா' என்கிறார்கள், சாப்பாட்டு நேரத்தில் யாருக்கு இலை எங்கே விழுகிறது என்பவையெல்லாம் ஒரே ராத்திரியில் வெளியே வந்துவிடும். ஆகவே இது சின்ன விஷயமல்ல.

முதலாவதாக, போட்டி என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். போட்டிக்கு எதிராளி வேண்டும். எதிராளி இல்லாமல் ஜெயித்தவன் உலகத்தில் ஒருவனும் இல்லை. ஒரு தவில்காரர் தன் கைவரிசையை முழுவதும் காட்டுவதற்குக் காரணமே எதிரே நிற்கும் இன்னொரு தவில்காரர்தான். அவர் கெட்டியாக அடித்தால்தான் இவர் அதைவிடக் கெட்டியாக அடிப்பார். அப்படியிருக்க, எதிர்க் கோஷ்டி அடிக்கும்போது கூச்சல் போட்டு அவர்கள் கணக்கைக் குலைக்கிறவன் யாருக்குக் கெடுதி செய்கிறான்? தன்னுடைய கோஷ்டிக்கே கெடுதி செய்கிறான். குலைந்துபோன எதிராளியை ஜெயிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? காலைக் கட்டிப் போட்டவனோடு ஓட்டப் பந்தயம் ஓடி முதலில் வந்தேன் என்று சொல்லிக் கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தோழர்களே! நீங்கள் கடற்கரைக்காரர்கள். மீன் ஏலம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஏலத்தில் கூடை வந்து விழுந்தவுடன் என்ன பார்க்கிறீர்கள்? செவுளைத் திருப்பிப் பார்க்கிறீர்கள்; கண்ணைப் பார்க்கிறீர்கள்; அழுத்திப் பார்க்கிறீர்கள்; விலை சொல்லுகிறீர்கள். வலை போட்டவன் எந்தத் தெரு, எந்த சாதி, எந்த மதம் என்று கேட்டுக் கொண்டு விலை சொல்லுகிறவன் உண்டா? அப்படிச் சொன்னால் அவன் முதல் போய்விடும். காசு விஷயத்தில் இவ்வளவு புத்திசாலியாக இருக்கிற மனிதன், மேளத்துக்கு மார்க்குப் போடும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு ஆளின் பிறப்பைப் பார்க்க வேண்டும்? மீனுக்குச் செவுளைப் பார்ப்பதுபோல மேளத்துக்குத் தாளத்தைப் பார்க்க வேண்டாமா?

இப்போது நம்மிடம் உள்ள குற்றங்களைச் சொல்லுகிறேன். கோபித்துக் கொள்ளாதீர்கள். இது ஒரு ஊரை மாத்திரம் சொல்லுவதல்ல.

ஒன்று, கேட்பதற்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவது. எங்கள் தெருக் கோஷ்டி, எங்கள் சாதிக் கோஷ்டி என்று முடிவு செய்து கொண்டுதான் வீட்டை விட்டே புறப்படுகிறார்கள். பிறகு காது எதற்கு? இரண்டு, தன் கோஷ்டி அடித்து முடிந்தவுடன் துண்டை உதறிக் கொண்டு எழுந்து போய்விடுவது, அல்லது அடுத்தவர் அடிக்கும்போது சத்தம் போட்டுப் பேசுவது, கேலியாக விசில் அடிப்பது. மூன்று, நடுவர் சொன்ன முடிவு தனக்குப் பிடிக்கவில்லையென்றால் அவரைச் சூழ்ந்து கொள்ளுவது. நான்கு, இதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது, அடிக்கிறவரை வித்துவானாக நினைக்காமல் தன் வீட்டு வேலையாளாக நினைப்பது. குடித்துவிட்டு உள்ளே புகுந்து 'இப்படி அடிடா' என்பது, ரூபாய் நோட்டை நெற்றியில் ஒட்டுவது, வாயில் கவ்வ வைப்பது, தரையில் போட்டுக் குனிந்து எடுக்கச் சொல்லுவது ஆகிய இவையெல்லாம் ரசிப்பு ஆகுமா?

"பணம் குத்துவது மரியாதைதானே, அவர்களும் சந்தோஷமாய் வாங்கிக் கொள்ளுகிறார்களே" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் ஒன்று கேட்கிறேன். வக்கீல் கோர்ட்டில் நன்றாக வாதாடினார் என்பதற்காக அவர் நெற்றியில் நோட்டை ஒட்டுவீர்களா? டாக்டர் நன்றாக அறுத்துத் தைத்தார் என்பதற்காக அவர் வாயில் நோட்டைத் திணிப்பீர்களா? அவர்களுக்குக் கவரில் போட்டு இரண்டு கையாலும் கொடுக்கிறீர்களே. மேளக்காரருக்கு மட்டும் ஏன் வேறு தினுசு? வயிற்றுப் பசிக்காக ஒருவன் அவமானத்தைச் சகித்துக் கொள்ளுகிறான் என்பதாலேயே அவமானம் மரியாதை ஆகிவிடாது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டாமா? அதிக தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவைப் பாருங்கள். 1930-31ஆம் வருஷங்களில் அங்கே மேல்சாதி நாட்டார்கள் ஆதித்திராவிட மக்களுக்கென்று தடைகள் விதித்தார்கள். 1930 டிசம்பரில் 8 தடைகள்; 1931இல் 11 தடைகள். 1931ஆம் வருஷத்து ஜனக்கணக்கெடுப்புக்குத் தலைவராயிருந்த ஹட்டன் என்பவரும் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் படிக்கக் கூடாது, நகை போடக் கூடாது, மண்பாண்டத்திலேதான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்ற வரிசையில், அவர்களுடைய கல்யாணம் முதலிய விசேஷங்களுக்கு மேளம் வைத்துக் கொள்ளக் கூடாது என்பதும் ஒரு தடை.

இதிலுள்ள அக்கிரமத்தைக் கவனியுங்கள். எவன் வீட்டில் சாவு விழுந்தாலும் பறை அடிக்க வர வேண்டியவன் அவன். கொடைக்கும் திருவிழாவுக்கும் தெருக்கோடியில் நின்று அடிக்க வேண்டியவன் அவன். ஆனால் தன் பிள்ளையின் கல்யாணத்துக்கு மேளம் கூடாது! அதாவது அவன் கை வேண்டும், அவன் தோல் வேண்டும், அவன் தாளம் வேண்டும். அவனுக்கு மாத்திரம் சந்தோஷம் கூடாது. இதுதான் நமது 'புராதனக் கலாரசனை'யின் யோக்கியதை.

நாதசுரக்காரர், தவில்காரர் விஷயமும் இதுதான். கோயிலிலும் கல்யாணத்திலும் அவர்கள் இல்லாமல் ஒரு காரியமும் ஆகாது. ஆனால் அந்தக் காலத்தில் சட்டை போடக் கூடாது. தோளில் துண்டு போடக் கூடாது. நின்று கொண்டும் நடந்து கொண்டும்தான் வாசிக்க வேண்டியிருந்தது. 1930ஆம் வருஷம் வாக்கில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்தில் மதுரை சிவக்கொழுந்து என்கிற நாதசுர வித்துவான் வியர்வை துடைக்கும் துண்டைத் தோளில் போட்டிருந்ததைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் துண்டை எடுக்கச் சொன்னார்கள். அவ்விடத்திலிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, துண்டை எடுக்கக் கூடாது என்று அவருக்குத் துணையாக நின்றார். மூன்று முழத் துண்டுக்குத்தானா இந்தச் சண்டை என்று கேட்கலாம். துண்டுக்கல்ல, வாசிக்கிறவன் மனிதனா, வாத்தியத்தோடு சேர்ந்த இன்னொரு கருவியா என்பதற்குத்தான் சண்டை. அன்றைக்கு அங்கே கூடியிருந்தவர்களும் பார்வையாளர்கள்தான், அழகிரியும் பார்வையாளர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு விதமான பார்வையாளர்களில் நாம் எந்த விதம் என்பதுதான் இன்றைய கேள்வி. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898-1956) கிராப்பு வைத்துக் கொண்டு, சட்டை போட்டுக் கொண்டு, மேடையிலே உட்கார்ந்து வாசித்தபோது அதை அகம்பாவம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த 'அகம்பாவம்' இல்லாமலிருந்தால் பின்னால் வந்தவர்கள் மேடையேறியிருப்பார்களா?

இதெல்லாம் படிக்காத பட்டிக்காட்டுக் கூட்டத்தின் குற்றம் என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைத்துக் கொள்ள வேண்டாம். பட்டணத்துச் சங்கீத சபைக்குப் போய்ப் பாருங்கள். பாட்டு முடிந்து மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் விட்டவுடன் கூட்டம் எழுந்து காப்பி சாப்பிடப் போகும். இரண்டு மணி நேரம் அடுத்தவர் பாட்டுக்குத் தாங்கு கொடுத்த மனிதனுக்குக் கிடைப்பதே அந்தக் கொஞ்ச நேரம். அதிலும் அவர் பார்ப்பது படித்தவர்களின் முதுகைத்தான்! விசில் அடித்துக் கேட்காமலிருப்பது ஒரு விதம். எழுந்து போய்க் கேட்காமலிருப்பது இன்னொரு விதம். வேஷ்டியில் கஞ்சி போட்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

நம்முடைய புதுக்கோட்டைப் பெயரே தாளத்தினால் உலகத்துக்குத் தெரிந்த பெயர். 1922இல் மறைந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைதான், ஒரு சாதாரணக் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875-1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பேர் பெற்றவர். அதே வழியில் வந்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவர் இடது கைக்காரர். இடது கைக்காரர் என்றால் மேடையில் பிடில்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். அந்த ஒரு அடி இடம் மாற மனமில்லாமல் அவரைத் தள்ளி வைத்தவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விடாமல் பக்கத்தில் வைத்துக் கொண்டார். பிறகு உலகமே அந்தக் கையைக் கொண்டாடிற்று. ஒரு கை இடதா வலதா என்று பார்த்த கண்ணுக்கு அந்தக் கை செய்கிற வேலை தெரியவில்லை. பிறப்பைப் பார்க்கிற கண்ணுக்கும் அதே கதிதான்.

மேளத்திலே சாதி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். மிருதங்கத்தில் பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் இருக்கின்றன. பறையிலும் மாட்டுத்தோல்தான். ஒன்றைத் தொட்டால் சங்கீதம். மற்றதைத் தொட்டால் தீட்டு! இதற்கு என்ன அறிவு, என்ன நியாயம்? பறையை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்க்க வேண்டும். ஒரு கையில் கனமான அடிக்குச்சி, ஒரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி; இரண்டும் வேறு வேறு கணக்கில் ஓட வேண்டும்; அதோடு காலும் ஆட வேண்டும். தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக் கொண்டு மணிக்கணக்கில் அடிக்கிறார். வருஷக் கணக்கில் பழகினாலொழிய வராது. பழகினால் எவனுக்கும் எவளுக்கும் வரும். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் பறையைக் கையில் எடுத்து ஆடிக் காட்டியிருக்கிறார்கள். பெண்கள் அடிக்கும்போது அடியைக் கேட்காமல் உடம்பைப் பற்றிப் பேசுகிற ஆண்களும் பந்தலில் இருக்கிறார்கள். அவர்களை அந்த இடத்திலேயே வெட்கப்படுத்த வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆண்களின் கடமை. 2025இல் அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குச் சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. சந்தோஷம். ஆனால் டில்லியில் பட்டம் கொடுத்து, கிராமத்தில் தேநீர்க் கடை வாசலில் நிறுத்தி வைத்தால் அந்தப் பட்டத்தினால் மற்றப் பறைக்காரர்களுக்கு என்ன பிரயோஜனம்?

இங்கே ஒரு கேள்வி வரும். "பறை இழிவின் அடையாளம், அதைத் தொடவே மாட்டோம் என்று கீழே போட்டவர்களும் இருக்கிறார்களே, நீர் மேளப் போட்டியை ஆதரிக்கலாமா?" என்று கேட்கலாம். கீழே போட்டவர்கள் செய்தது மிகவும் சரி. கட்டாயத்தின் பேரில் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்பது மனிதத் தன்மை. கட்டாய வேலை கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவே சொல்லுகிறது. அதை மேடையில் எடுத்துக் கலையாக அடிக்கிறவர்கள் செய்வதும் சரி. இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான். அவன் தன் இஷ்டத்துக்கு அடிக்கிறானா, உன் கட்டளைக்கு அடிக்கிறானா? இஷ்டத்துக்கு அடித்தால் அது கலை. கட்டளைக்கு அடித்தால் அது அடிமைத்தனம். போட்டிக்கு வரச் சொல்லிவிட்டு, மறுநாள் சாவு வீட்டுக்கும் வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லுகிற ஊரில் போட்டி நடத்துவதே பித்தலாட்டம்.

வெளிநாட்டுச் சங்கதி ஒன்று சொல்லுகிறேன். அமெரிக்காவில் இளைஞர்கள் மேளமும் பித்தளை ஊதுகுழல்களும் வைத்துக் கொண்டு பெரிய மைதானத்தில் அணிவகுத்துப் போட்டி போடுவது ஒரு வழக்கம். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு பழைய சிப்பாய்களின் சங்கங்கள் வளர்த்தது அது. 1972இல் விஸ்கான்சின் மாகாணத்து ஒயிட்வாட்டரில் ஒரு தேசியப் போட்டி நடந்தது. அனாகீம் நகரத்துக் 'கிங்ஸ்மென்' கோஷ்டி ஜெயித்தது. அங்கே நடுவர்கள் இசைக்கு இவ்வளவு, அணிவகுப்புக்கு இவ்வளவு, மொத்தத் தோற்றத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, நூற்றுக்கு எத்தனை என்று புள்ளி போடுகிறார்கள். அவர்களெல்லாம் மகாத்மாக்கள் என்று நான் சொல்லவரவில்லை. அங்கேயும் கட்சி உண்டு, தோற்றவருக்கு வருத்தம் உண்டு. ஆனால் புள்ளி இன்னதற்கு இன்னது என்று முன்னாலேயே தெரிந்திருப்பதால், முடிவைப் பற்றி வாதாடலாமே தவிர நடுவரின் சாதியைப் பற்றி வாதாட வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்திலே, இந்தக் கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் பல கோஷ்டி மேளங்கள் விடிய விடிய மாறி மாறி வாசிக்கிற வழக்கம் உண்டு. அந்த மண்ணில் வளர்ந்தவர்தான் தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933-1975). தமிழ்நாட்டு மேடைகளிலும் அவரைக் கொண்டாடினார்கள். அக்கரைக்காரருக்கு இக்கரையில் கைதட்ட முடிந்தது. மேலத்தெருக்காரருக்குக் கீழத்தெருவில் கைதட்ட முடியாதா?

வெறும் உபதேசத்தினால் பிரயோஜனமில்லை. ஆகையால் போட்டி நடத்துகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

நடுவர்கள் போட்டி போடுகிற கோஷ்டிகளின் ஊருக்கும் உறவுக்கும் வெளியே உள்ளவர்களாகவும், தாளம் தெரிந்தவர்களாகவும் இருக்க வேண்டும். பணம் கொடுத்தவரும் பெரிய மனிதரும் நடுவராக வேண்டியதில்லை. எதற்கு எத்தனை மார்க்கு என்பதைப் போட்டி துவங்குவதற்கு முன்னாலேயே ஒலிபெருக்கியில் படித்துவிட வேண்டும். முடிந்ததும் மார்க்கை எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டிவிட வேண்டும். யார் முதலில் அடிப்பது என்பதைத் திருவுளச் சீட்டில் எடுக்க வேண்டும். 'திருவுளம்' என்பது வெறும் பேச்சு. சீட்டு மாத்திரம் நிஜம். நேரம் எல்லோருக்கும் ஒன்றாயிருக்க வேண்டும்.

கூலியையும் பரிசையும் முன்கூட்டியே பேசி, மேடையில் மரியாதையாகக் கொடுக்க வேண்டும். தோற்ற கோஷ்டிக்கும் வழிச்செலவும் கூலியும் குறையக் கூடாது. நெற்றியில் நோட்டு ஒட்டுவதை அடியோடு நிறுத்த வேண்டும். தர ஆசையுள்ளவர்கள் ஓர் உண்டியில் போடட்டும். எல்லாக் கோஷ்டிக்கும் பங்காகட்டும். எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே குவளை, ஒரே மாதிரி நாற்காலி. 'வாங்க, உட்காருங்க' என்று சொல்லுவதற்கு வரிப்பணம் செலவாகாது.

பார்க்கிறவர்கள் ஒரு கோஷ்டி ஆரம்பித்தால் அது முடியும் வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆரவாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மேளம் கேட்டு ஆடாத கால் என்ன கால்? நல்ல அடி விழுந்தால் துள்ளுங்கள், விசில் அடியுங்கள், தோளைத் தட்டிக் கொள்ளுங்கள். ஆனால் அது அடிக்குத்தான் விழ வேண்டும், ஆளுக்கல்ல. எதிர்க் கோஷ்டியின் நல்ல அடிக்கு உங்கள் கை தானாகத் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் உங்கள் காது விடுதலையாகிவிட்டது என்று அர்த்தம். தட்டாமல் கை கூசினால், அந்தக் கூச்சத்துக்குப் பெயர்தான் சாதி.

இன்னொன்று. நேரே கேட்கிற மேளத்துக்கு ஆளுயர ஒலிபெருக்கி வேண்டியதில்லை. குழந்தைகளை அதன் முன்னால் உட்கார வைத்தால் காது கெட்டுப்போகும்; கெட்ட காது திரும்ப வராது. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. விடிந்தால் கடலுக்குப் போக வேண்டியவனும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், நோயாளியும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். போட்டிக்கு வராதவனுக்கும் மரியாதை காட்டுவது விளையாட்டுத் தன்மையில் சேர்ந்ததுதான்.

தோழர்களே! ஜெயித்த கோஷ்டி தோற்ற கோஷ்டியின் கையைப் பிடித்துக் குலுக்கட்டும். தோற்ற கோஷ்டி அடுத்த வருஷத்துக்குச் சவால் விட்டுச் சிரித்துக் கொண்டு போகட்டும். அப்படி நடந்தால் தோல்வியில் அவமானமே இல்லை. அவமானம் எங்கே வருகிறதென்றால், தோற்றது ஒரு மேளம் என்றில்லாமல் தோற்றது ஒரு சாதி என்று கூட்டம் நினைக்கிற இடத்தில் வருகிறது. அங்கேதான் கம்பும் கல்லும் கிளம்புகின்றன. அடி போடுகிற பத்துப் பேர் கையில் அது இல்லை. பார்க்கிற ஆயிரம் பேர் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் அடுத்தபடியாக மேளம் முழங்குகிறபோது, பந்தலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும், 'நான் காதால் கேட்கிறேனா, சாதியால் கேட்கிறேனா?' என்று தன்னைத்தானே ஒரு தரம் கேட்டுக் கொள்ள வேண்டும் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.